விதைநெல்லும் குருதியின் மூலக் கலங்களும்

அன்புள்ள ஐயா,

குருதியின் மூலக் கலங்களையும் அழற்சியையும் ஆராயும் எமானுவேல் பசெகே என்ற விஞ்ஞானியைப் பற்றி நீங்கள் எழுதியதை என் உயர்தர உயிரியல் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதாமல் விஞ்ஞானபீடத்துக்குத் தெரிவான பழைய மாணவி ஒருத்தியும் அன்று வந்திருந்தாள். "ஒரு ஆள் வாழ்நாள் முழுக்க எலியின்ர என்பு மச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால், எங்கட காய்ச்சல்காரருக்கு என்ன வரப்போகுது, ரீச்சர்?" என்று கேட்டாள். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

– ஓர் ஆசிரியை, மல்லாவி

அன்புள்ள ஆசிரியைக்கு,

காய்ச்சல்காரரிடமிருந்தே தொடங்குகிறேன். கிருமி நுழைந்ததும் முதலில் ஓடிச்செல்லும் நியூற்றோபில் என்ற வெண்குழியத்துக்கு ஆயுள் குறைவு. மடிந்தவற்றின் இடத்தை நிரப்ப என்பு மச்சை விரைந்து உற்பத்தி செய்தாக வேண்டும். அந்த உற்பத்தியின் அடியில் இருப்பவை, எல்லா வகைக் குருதிக் கலங்களுக்கும் தாயான மூலக் கலங்கள். அவற்றுட் பல வழமையில் பிரிவடையாமல் உறங்கிக் கிடப்பவை. தொற்றின்போது உடல் சுரக்கும் இன்டர்பெரோன் அவற்றை எழுப்பிவிடுகிறது என்பதை 2009இல் ஹைடல்பேர்க் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்.

வன்னிப் பிள்ளைக்கு இதைச் சொல்ல விதைநெல் போதும். காலபோகத்துக்கென்று கட்டிவைத்த மூட்டையில், வீட்டில் அரிசி முடிந்தாலும் எளிதில் யாரும் கைவைப்பதில்லை. ஆனால் அது இன்னும் விதைக்கு உதவுமா என்பதை நெல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பிடியை அள்ளி ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளை வருகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். மூலக் கலத்தையும் அப்படித்தான் சோதிக்கிறார்கள். கதிர்வீச்சினால் மச்சை அழிக்கப்பட்ட எலிக்குள் அதைச் செலுத்தி, எல்லா வகைக் குருதிக் கலங்களையும் அது மீண்டும் உண்டாக்குகிறதா என்று ஏறத்தாழ நான்கு மாதம் காத்திருக்கிறார்கள். பிறகு அந்த எலியின் மச்சையை இன்னோர் எலிக்கு மாற்றி, மறுபடியும் அவ்வளவு காலம் காத்திருக்கிறார்கள். ஒரு கேள்விக்கு விடை காண இரண்டு போகம் செல்கிறது. இயற்பியலாளர் டில், மருத்துவர் மக்கலக் ஆகிய இருவரும் ரொறன்ரோவில் எலிகளின் மண்ணீரலில் எழும்பிய சிறு முடிச்சுகளை எண்ணி, 1961இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. வாழ்நாள் எங்கே போகிறது என்று உங்கள் மாணவி கேட்டால், இந்தக் காத்திருப்பில்தான் போகிறது என்று சொல்லுங்கள்.

வியன்னாவிலும் ஸ்ரான்போர்ட்டிலும் ஆய்வு பயின்று, சான் பிரான்சிஸ்கோவில் ஆய்வுகூடம் நடத்தி, பின்னர் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பசெகே, எழுப்பப்பட்ட கலம் திரும்ப உறங்க முடியாமற் போனால் என்ன நடக்கும் என்று கேட்டார். அழற்சியை, அதாவது தொற்றோ காயமோ நேரும்போது உடல் காட்டும் வீக்கமும் சூடுமான எதிர்வினையை, மூட்டும் சமிக்ஞையான இன்டர்லூக்கின் 1ஐ அவருடைய குழுவினர் எலிகளுக்கு நாள்தோறும், வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். மூலக் கலங்கள் விரைந்து பிரிந்து, கிருமியை எதிர்க்கும் வெண்குழிய வகைகளின் பக்கமே சாய்ந்தன. தம்மைத் தாமே புதுப்பிக்கும் ஆற்றலோ குறைந்துபோனது. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில் என்னை நிறுத்தி வைத்த பகுதி அதற்கு அடுத்தது. சமிக்ஞையை நிறுத்தியதும் அந்த ஆற்றல் மீண்டது. நாட்பட்ட அழற்சியைத் தணித்தால் மச்சையையும் காக்கலாம் என்று எண்ணுவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா?

எனக்கு இது தொலைவிலுள்ள செய்தி அல்ல. கை மூட்டுகள் வீங்கும் வாதத்தோடு என் அம்மா பல ஆண்டுகள் இருந்தார். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்து, "வெளிறித்தான் இருக்கு" என்பார்கள். இரும்பு மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை; ஆனாலும் குருதி ஏறவில்லை. அழற்சி இருக்கும்வரை ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் மிகுந்து, உடலிலுள்ள இரும்பைச் செங்குழிய உற்பத்திக்குப் போகவிடாமல் பூட்டிவைக்கும் என்பதைப் பின்னர் ஒரு மருத்துவர் விளக்கியபோதுதான், மாத்திரையை மறந்திருப்பார் என்று அம்மாவைக் கடிந்துகொண்டது எவ்வளவு பிழை என்று விளங்கியது. ஹெப்சிடினையும் யாரோ சிலர் ஆய்வுகூடத்தில் காத்திருந்துதான் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பிள்ளை விஞ்ஞானபீடத்துக்குப் போகட்டும். கடுமையான பக்ரீரியாத் தொற்றுள்ள ஒருவரின் குருதியைக் கண்ணாடித் தட்டில் மெல்லியதாகப் பூசி நுணுக்குக்காட்டியில் பார்க்க எங்காவது வாய்ப்புக் கிடைத்தால், நியூற்றோபில்களின் கருவை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். முதிர்ந்தவற்றில் அது இரண்டு முதல் ஐந்து மடல்களாகப் பிரிந்திருக்கும். சிலவற்றில் மட்டும் மடல் பிரியாமல், வளைந்த நாடாவைப் போலக் கிடக்கும். அவை முதிர்வதற்கு முன்னரே மச்சை அவசரப்பட்டு அனுப்பிவைத்த இளங்கலங்கள்.