3,000 ரூபாய் லாகின் வேண்டாம்

கேள்வி: என் மகள் மெல்போர்னில் முதுகலை சேர்ந்திருக்கிறாள். மதுரை வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் படிக்கிறாள். நூலகத் தளத்தில் பாடப்புத்தகத்தைத் திறந்தால் ‘வேறொருவர் பயன்படுத்துகிறார்’ என்று வருகிறது. எல்லா நூலகமும் திறக்கும் லாகின் 3,000 ரூபாய்க்குத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் அது போகட்டும், அந்த லாகினை மகள் தொடவே வேண்டாம்.

அவர் விற்பது யாரோ ஒருவரின் திருட்டுப் பாஸ்வேர்டு. இது பழைய வியாபாரம். 2018 மார்ச்சில் அமெரிக்க அரசு 9 ஈரானியர்கள்மீது குற்றம் சாட்டியது. அமெரிக்காவிலும் வேறு 21 நாடுகளிலுமாக 320 பல்கலைக்கழகங்களைக் குறிவைத்துப் பேராசிரியர்களின் பாஸ்வேர்டுகளைத் திருடி, அவற்றின் வழியே நூலகத்துக்குள் நுழையும் வசதியை ஓர் இணையதளத்தில் விற்றார்கள் என்பது வழக்கு. ‘உங்கள் நூலகக் கணக்கு காலாவதியாகிறது’ என்று மகளுக்கு மின்னஞ்சல் வந்தாலும் அதிலுள்ள இணைப்பை அழுத்தக் கூடாது. நூலகத்துக்கும் மின்னஞ்சலுக்கும் மதிப்பெண்ணுக்கும் பெரும்பாலும் ஒரே பாஸ்வேர்டுதான். இன்று லாகின் விற்பவர் நாளை அசைன்மென்ட்டும் எழுதித் தருகிறேன் என்பார். அப்படி விற்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்று ஆஸ்திரேலியா 2020இல் சட்டமே போட்டிருக்கிறது. எழுதி வாங்கிய பிள்ளைகளை, ‘கல்லூரிக்குச் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள்.

சரி, புத்தகம் ஏன் திறக்கவில்லை? நூலகம் வாங்கியிருப்பது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்கும் உரிமமாக இருக்கும். கடையில் சாதாரண விலைக்குக் கிடைக்கும் பாடப்புத்தகத்தின் மின்நூலுக்குப் பதிப்பகத்தார் நூலகத்திடம் பல மடங்கு விலை கேட்கிறார்கள். சில புத்தகங்களை நூலகங்களுக்கு விற்கவே மாட்டேன் என்கிறார்கள். வீட்டிலிருந்தே படித்து, லட்சக்கணக்கில் கட்டணமும் கட்டும் பிள்ளையிடம் ‘வரிசையில் நில்’ என்பது எனக்கு ஆறவே இல்லை.

இப்போதைக்கு ஒரு வழி: மெல்போர்னில் நள்ளிரவு ஆகும்போது நமக்கு இரவு 7.30. (அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை 6.30.) அதன் பிறகு திறந்து பார்க்கச் சொல்லுங்கள், கூட்டம் குறைந்திருக்கும். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். திறந்தே விட்டால் அடுத்தவருக்குக் கிடைக்காது.

அப்புறம், அவள் துறைக்கென்று உள்ள நூலகருக்கு எழுதச் சொல்லுங்கள். பலர் ஒரே நேரத்தில் படிக்கும் உரிமம் வாங்க முடியுமா என்று கேட்கலாம். வகுப்பில் எத்தனை பேர் என்பதைச் சொன்னால் நூலகருக்கு நிர்வாகத்திடம் வாதாட எளிது. அச்சுப் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்கேன் கேட்கலாம். பொதுவாக ஓர் அத்தியாயம், அல்லது 10 சதவீதம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, பலருக்கு இது தெரியாது. நூலகத்தில் உள்ள புத்தகம் நியாயமான காலத்துக்குள், வழக்கமான விலைக்கு வாங்கக் கிடைக்கவில்லை என்றால், படிப்புக்காகக் கேட்கும் மாணவருக்கு முழுப் புத்தகத்தையும்கூட நகலெடுத்துத் தர ஆஸ்திரேலியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. ‘கடையில் இல்லை’ என்று மகள் சொன்னால் மட்டும் போதாது, நூலகர் தேடிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ‘ஆராய்ச்சிக்கோ படிப்புக்கோதான்’ என்று மகள் எழுதிக் கொடுக்க வேண்டும். விலை அதிகம் என்பது இதில் சேராது. அச்சில் இல்லாத பழைய புத்தகத்துக்குத்தான் இது பெரும்பாலும் கைகொடுக்கும். வாரப் பாடத்துக்கு ஓர் அத்தியாயம் மட்டும் வேண்டுமென்றால் இந்த வழிக்குப் போகவே வேண்டாம், சாதாரண ஸ்கேன் போதும்.

மின்னஞ்சலில் மாணவர் எண், பாடக் குறியீடு, புத்தகப் பெயர், பதிப்பு, எந்த அத்தியாயம், எந்தத் தேதிக்குள் என்பதோடு இந்தியாவிலிருந்து படிக்கிறேன் என்பதையும் முதல் வரிகளிலேயே எழுதட்டும். அங்கே மாலை 5 மணி என்றால் நமக்குப் பகல் 12.30தான் (அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை 11.30). சாப்பிட்டுவிட்டு அனுப்பினால் ஒரு நாள் போய்விடும். இன்று இரவே அனுப்பிவிட்டால், அவர்கள் காலையில் வந்து உட்காரும்போது முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.