கூண்டுக் கதவைத் தினமும் திறக்குறது யாரு?

கேள்வி: நாலு வருஷமா ஆசையா வளர்த்த கோழி போன மாசம் செத்துப்போச்சு. வயிறு வீங்கி பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நிமிர்ந்து நடந்துச்சு, மஞ்சள் கரு வயித்துக்குள்ள விழுந்து சீழ் வச்சிருச்சுன்னு சொல்லி டாக்டர் நீரை எடுத்துட்டு ஊசி போட்டாரு. மூணு வாரம் போராடுனேன். கடைசி ரெண்டு நாள் தீனியே எடுக்கல, வாயைத் திறந்தே மூச்சு விட்டுச்சு. நான்தான் இழுத்தடிச்சு சித்ரவதை பண்ணிட்டேனோன்னு தூக்கம் வரல. வீட்டுக்காரர் 'ஒரு கோழிக்குப் போயா இப்படி அழுவ, வேற வாங்கிக்கலாம்'னு சிரிக்கிறாரு. கூண்டை யாருக்காவது குடுத்துடலாம்னு பாத்தா மாமியார் இன்னும் தினமும் காலைல போய் அதைத் திறந்து வச்சுட்டு வர்றாங்க, பாத்தாலே எரிச்சலா வருது. இதுலேர்ந்து நான் எப்படி மீள்றது?

பதில்: கேட்டதுக்கு முதல்ல சொல்லிடறேன்மா, கேக்காததுக்கு அப்புறம் வர்றேன்.

ஆமா, அந்தக் கடைசி ரெண்டு நாள் இழுத்திருக்க வேண்டாம். வயித்துல நீர் கோத்து காத்துப் பைகளை அழுத்துனா மூச்சு விடுறதே அதுக்கு ஒரு வேலையாயிடும், எடுத்த நீர் திரும்பக் கோத்து தீனியும் நின்னு போச்சுன்னா ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடலாமான்னு டாக்டர்கிட்ட அன்னைக்கே கேட்டிருக்கணும். நீங்க கேக்கல. அது தப்புதான். ஆனா அது ரெண்டு நாள் தப்பு, அதை மூணு வாரத்துக்கும் நாலு வருஷத்துக்கும் இழுத்து விரிச்சுப் போட்டுக்காதீங்க.

நோய் நீங்க குடுத்தது இல்ல. காட்டுக்கோழி வருஷத்துக்கு 10, 15 முட்டை போட்டா அதிகம், நாம முட்டைக்குன்னே பெருக்கி வச்சிருக்குற ஜாதிகள் 300 வரைக்கும் போடும், ஒரு முட்டை உள்ள உருவாகவே கிட்டத்தட்ட 25 மணி நேரம் ஆகுது, அப்போ அந்த முட்டைக் குழாய்க்கு ஓய்வு ஏது? என்னைக்காவது ஒரு மஞ்சள் கரு குழாய்க்குள்ள போகாம வழி தவறி வயித்துல விழுந்துடுது, கிருமியும் சேந்துக்கிட்டா முடிஞ்சது. அதோட கோழி நோயை மறைக்கிற ஜீவன், நோஞ்சான்னு தெரிஞ்சா மத்தது கொத்தும், பருந்தும் பூனையும் அதைத்தான் குறி வைக்கும்ங்கறதால முடிஞ்ச வரைக்கும் ஒண்ணும் இல்லாத மாதிரியே நடமாடும். வயிறு வீங்குனது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சப்போ உள்ள நோய் முத்திருச்சு.

அதுக்கு முன்னாடியே தெரியுற அடையாளம் ரொம்பச் சின்னது. கொண்டை வெளுக்கும். வால் தொங்கும். ராத்திரி நிறைஞ்ச தீனிப்பை காலைல காலியாகாம அப்படியே இருக்கும், தூக்குனா நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில இடிக்கும். இதெல்லாம் யாருக்குத் தெரியும்னு நினைக்கிறீங்க? தினமும் காலைல கூண்டைத் திறந்து விடுற ஆளுக்குத்தான் தெரியும்!

இங்கதான் எனக்குக் கோபம் வருது. கடிதம் முழுக்க வளர்த்தேன், போராடுனேன், எனக்குத் தூக்கம் வரல, நான் எப்படி மீள்றதுன்னு நான் நான்னே இருக்கு. மாமியாருக்கு ஒரே ஒரு வரி, அதுவும் எரிச்சலா வருதுன்னு. கோழி போய் ஒரு மாசம் ஆகியும் ஒருத்தர் கை தானா அந்தக் கதவுக்குப் போகுதுன்னா நாலு வருஷமா அதைத் திறந்தது யாரும்மா? அது வயசானவங்க பண்ற கிறுக்குன்னு நினைச்சீங்களா? கோழி சுணங்கி நின்னதை அவங்க எப்போ கவனிச்சாங்க, யார்கிட்டயாவது சொன்னாங்களா, சொன்னா யாராவது காது குடுத்தீங்களான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? கேட்டிருந்தா கடிதத்துல வந்திருக்கும். நாய், பூனை, கிளின்னு வளர்த்தது செத்துப்போனதைப் பத்தி எத்தனையோ கடிதம் பாத்துட்டேன், பாதி வீட்டுல அழுறவங்க ஒருத்தர், அதுக்குத் தண்ணி வச்சு எச்சம் அள்ளுனவங்க வேற ஒருத்தர், அந்த ரெண்டாவது ஆள்கிட்ட யாருமே துக்கம் விசாரிக்கிறதில்ல.

உங்க வீட்டுக்காரர் பேசுனது உங்களை மட்டும் சுட்டதா நினைக்காதீங்க. ஒரு கோழிக்குப் போயான்னு அவர் சிரிச்சப்போ அவரைப் பெத்தவங்களும் அதே வீட்டுலதான் இருந்திருக்காங்க, கேட்டுட்டு மறுநாள் காலைல ஒண்ணும் பேசாமப் போய் கதவைத் திறந்திருக்காங்க. இதை அவர்கிட்ட இப்படியே சொல்லுங்க, சண்டையானாலும் பரவால்ல. வீட்டுல துக்கம்னா முதல்ல பெரியவங்க பக்கத்துல போய் உக்காரணும், மனசு வந்தா உக்காருவேன்னு சொல்றதுக்கு அது சௌகரியம் இல்ல, கடமை. பிள்ளைக்கும் கடமை, மருமகளுக்கும் கடமை. இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

நாளைக்குக் காலைல அவங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடி நீங்க எந்திரிச்சு கூண்டுகிட்ட நில்லுங்க. ஆறுதல் சொல்லப் போகாதீங்க, அது முதல் முட்டை எங்க போட்டுச்சு, யாரைக் கண்டா ஓடி வரும்னு கேளுங்க, அவங்க சொல்லட்டும், அழுகை வந்தா ரெண்டு பேருமே அழுங்க. கூண்டைக் குடுக்குற பேச்சை விடுங்க. டாக்டர் சொன்ன நோய் வழக்கமா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தொத்துறது இல்ல, பழைய படுக்கையையும் எச்சத்தையும் வாரிக் கொட்டிக் கழுவி வெயில்ல காய வச்சாப் போதும், அதையும் அவங்ககிட்ட கேட்டுட்டே செய்ங்க.

வேற வாங்குறதா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டியது உங்க வீட்டுக்காரர் இல்ல, நீங்களும் இல்ல. அத்தைகிட்ட கேளுங்க. வேணாம்னாங்கன்னா விட்டுடுங்க. வேணும்னாங்கன்னா ஒத்தையா வாங்காதீங்க, கோழி கூட்டத்தோட வாழுறது, ரெண்டு மூணா வாங்குங்க, வாங்கப் போறப்போ அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.