தக்காளி நாத்துக்கு எப்ப உரம் கொடுக்க ஆரம்பிக்கலாம்?

நாத்துத் தட்டு போட்டோவ அனுப்பி, முளைச்சு எட்டு நாள் ஆச்சு, கோகோபீட்லதான் (தேங்கா நார்த்தூள்) இருக்கு, இப்பவே பஞ்சகவ்யா ஊத்தலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க, இப்போதைக்கு தண்ணி போதும். முதல்ல நீளமா வழவழன்னு ரெண்டு இலை வந்திருக்குல்ல, அது வித்திலை, ஆரம்பத்துல நாத்துக்கு அதுதான் கட்டுச்சோறு. அதுக்கு நடுவுல ஓரமெல்லாம் வெட்டு வெட்டா, கசக்கி மோந்தா தக்காளி வாசம் அடிக்கிற இலை வரும், அதுதான் நிஜ இலை, அது ரெண்டு நல்லா விரியட்டும், அப்புறம் உரத்தப் பத்தி யோசிக்கலாம்.

இது நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது. முதல் தடவ மாடில பிகேஎம் 1 தக்காளி ரகம் போட்டப்ப நாத்து வளராம நிக்குதேன்னு தட்டுல ஒவ்வொரு குழிலயும் நாலஞ்சு டிஏபி உர மணி போட்டுட்டேன், நாலே நாள்ல இலை ஓரம் பழுப்பாகி அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு சுருண்டுச்சு, பிடுங்கிப் பாத்தா வேர்ல வெள்ளையே இல்ல, 50 குழில தேறினது ஒம்போது. உரமும் ஒரு உப்புதாங்க, அது கூடிப்போனா வேரால தண்ணி இழுக்க முடியாது, ஈரத்துல நின்னுகிட்டே செடி தாகத்துல காயும்.

அதுக்காக கொடுக்காமயும் விட முடியாது, கோகோபீட்ல சத்துன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. நிஜ இலை வந்ததும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கற, தண்ணில கரையுற உரம்) வாங்கி லிட்டர் தண்ணிக்கு 1 கிராம் (கால் டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி) கலந்து வாரம் ஒரு தடவ ஊத்துங்க, அதுவும் கோகோபீட் ஈரமா இருக்கறப்ப. பஞ்சகவ்யாதான் வேணும்னா வளந்த செடிக்கு லிட்டருக்கு 30 மில்லி சொல்வாங்க, நாத்துக்கு நான் அதுல பாதிதான் சேர்ப்பேன், வடிகட்டாம ஸ்ப்ரேயர்ல ஊத்திடாதீங்க, அடைச்சுக்கும். மண்புழு உரம் கலந்து விதைச்சிருந்தா இந்த அவசரமே இல்ல. மக்காத சாணி மட்டும் கிட்டயே கொண்டு போகாதீங்க.

நிறைய பேரு எத பாத்தாலும் பசின்னு நினைச்சுக்கறாங்க. நெட்டையா வெளிறிப்போய் சாஞ்சு நின்னா அது வெயில் பத்தல, வெளிய எடுத்து வைங்க. வித்திலை மஞ்சளாகி உதிர்ந்தா அதோட வேலை முடிஞ்சுது, விடுங்க. நிஜ இலையோட அடிப்பக்கம் ஊதாவா மாறுனா மணிச்சத்து பத்தலன்னு அர்த்தம், ஆனா மார்கழிக் குளிர்லயும் அப்படி ஆகும், அப்ப வேரால இழுக்க முடியல அவ்வளவுதான். தண்டு மண்ணு மட்டத்துல நசநசன்னு மெலிஞ்சு பொத்துன்னு விழுந்தா நாத்தழுகல், அது பூஞ்சை வேலை, அதுக்கு எந்த உரமும் ஆகாது, தண்ணியக் குறைக்கணும்.

25 நாள் வாக்குல குரோ பேக்குக்கு மாத்தும்போது வித்திலை இருந்த இடம் வரைக்கும் புதைச்சு நடுங்க, தண்டுலயும் வேர் விடும். ஆமா, உங்க தட்டுக்கு அடில ஓட்டை இருக்கா? போட்டோவுல தெரியல.