வீட்டு வாசலில் கற்பூரவள்ளியா, குல்மொஹரா?

கடலூர், புதுச்சேரி பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்பது: வாசலில் மிஞ்சும் கொஞ்ச இடத்தில் எதை வைப்பது, கற்பூரவள்ளியா குல்மொஹரா?

கற்பூரவள்ளி, சளி இருமலுக்கு நாம் பறிக்கும் மூலிகைச் செடி. தடித்த இலையில் நீர் சேர்த்து வைப்பதால் ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடாது. ஒரு சாண் தண்டை ஒடித்துச் செருகினால் வேர் விட்டுவிடும். வேரில் தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பாருங்கள்.

குல்மொஹர் என்ற செம்மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்த அழகு மரம். கோடையில் மரமே சிவந்து நிற்கும், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் கிளை அகலமாக விரியும், வேர் ஆழம் போகாது, கட்டையும் எளிதில் முறியும். புயலில் குடையை விரித்துப் பிடித்து நிற்பது போலத்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து கிடந்ததை ஊரே பார்த்தது. பூமரம்தான் வேண்டும் என்றால் சுவருக்கும் மின்கம்பிக்கும் நன்றாகத் தள்ளி வையுங்கள். சின்ன மனையா, கற்பூரவள்ளிதான் என் பதில்.

உயரமான மரத்துக்கு வேரும் அதே ஆழம் போகும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான மரங்களின் வேர் மேல்மண்ணில் பக்கவாட்டில்தான் பரவுகிறது.