மாதிரி ரயில் பாதைக் கட்டடங்களுக்கு இயல்பான பழமையை எப்படிக் கொண்டுவருவது?

மாதிரி ரயில் பாதைக்காக நீங்கள் செய்த நிலையக் கட்டடம், துருவும் அழுக்கும் பூசிய பிறகும் பொம்மையாகவே தெரிகிறது என்றும், எங்கே தவறு நேர்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழுப்பு வண்ணத்தைக் கட்டடம் முழுவதும் ஒரே சீராகப் பூசியிருப்பதே இதற்குக் காரணமாக இருக்கும். உண்மையான கட்டடத்தில் தண்ணீர் வடிந்த இடம், தேங்கிய இடம், சொட்டித் தெறித்த இடம் என்று பார்த்துத்தான் பழமை ஏறுகிறது. ஆகவே தூரிகையை எடுக்கும் முன், அந்தக் கூரையில் விழும் மழை எந்த வழியாகத் தரைக்கு வந்து சேரும் என்பதைப் பென்சிலால் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நான் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இதைச் செய்கிறேன்.

நான் 1:87 அளவில், அதாவது உண்மையின் 87இல் ஒரு பங்காக, நீலகிரி மலை ரயிலை மனத்தில் வைத்து, நிலக்கரி எஞ்சின்கள் ஓடிய 1970களின் காலத்தில் ஒரு சிறு நிலையத்தை அமைத்து வருகிறேன். மீட்டர் பாதையின் அகலம் இந்த அளவில் 11.5 மி.மீ. வருகிறது, 12 மி.மீ. தண்டவாளம் விற்பனைக்குக் கிடைப்பதால் அதையே பயன்படுத்துகிறேன். ஏழடிக் கதவு 24.5 மி.மீ. உயரம் வரும். இந்த ஒரு கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டால் சன்னல், படி, திண்ணை எல்லாம் தாமாகவே பொருந்திவிடும். அந்த நிலையத்துக்காக நானே வகுத்துக்கொண்ட ஒரு சரக்குக் கொட்டகையை வைத்தே மற்றவற்றைச் சொல்கிறேன்.

சுவருக்கு ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தகடுதான் வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் என்ற ஊரில் இருக்கும் பெண்டன் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற கிராம வீடுகள் அட்டையில் வெட்டி நீர்வண்ணம் தீட்டப்பட்டவை. நானும் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் ஐவரி போர்டை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டித்தான் சுவர் செய்கிறேன். ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசினால் அட்டை வளைந்துவிடும் என்பதால் இரு பக்கமும் மெல்லிய ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசி, உள்ளே மூலைகளில் சதுரக் குச்சிகளை ஒட்டிவிட வேண்டும்.

கூரையில்தான் பார்ப்பவரின் கண் முதலில் விழுகிறது. மாதிரி ரயில் பாதையை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம். நெளிவுத் தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று அங்குலம் இருக்கும். 1:87 அளவில் அது 0.9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஹார்டுவேர் கடையில் விற்கும் 5 மி.மீ. மரைக் கம்பியின் மரைகளுக்கு இடையே உள்ள தூரம் 0.8 மி.மீ. என்பதால், அது ஏறக்குறைய இதற்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைப் பழைய மவுஸ் பேடின் மீது விரித்து, மரைக் கம்பியை அழுத்தி ஒரே ஒரு முறை உருட்டினால் வரிகள் பதிந்துவிடும். மரை சுருளாகச் செல்வதால் அந்த வரிகள் சற்றுச் சாய்வாகவே விழும். உருட்டிய திசையை மறந்துவிட்டு, வரியை ஒட்டியே அளவுகோலை வைத்து வெட்ட வேண்டும். எட்டடித் தகரத்துக்கு 28 மி.மீ. நீளமும் 9 மி.மீ. அகலமும் கொண்ட துண்டுகளாக வெட்டி, கீழ் வரிசையிலிருந்து தொடங்கி, மேல் வரிசை கீழ் வரிசையின் மீது 2 மி.மீ. ஏறும்படி ஒட்டுங்கள். கூரை முழுவதையும் ஒரே தாளாகப் போர்த்தினால் எவ்வளவு அழகாகத் துரு பூசினாலும் அது தகரமாகத் தெரியாது.

தகரத்தின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு எங்கே முதலில் அழிகிறதோ அங்கேதான் துரு தொடங்கும்: ஆணி அடித்த துளைகள், வெட்டிய ஓரங்கள், ஒரு தகரம் இன்னொன்றின் மீது ஏறும் இடுக்கில் ஈரம் நிற்கும் பகுதி. அந்த இடங்களில் கரும்பழுப்பைப் புள்ளியாக வைத்து, ஈரத் தூரிகையால் கீழ்நோக்கி மட்டும் இழுங்கள். ஆரஞ்சு நிறம் புதிய துருவின் நிறம் என்பதால், அது ஊசிமுனை அளவுக்கு மேல் வேண்டாம். முப்பது தகரங்களில் இரண்டை மட்டும் துருவே இல்லாமல் வெளிர் சாம்பலாக விட்டுவைத்தேன். பழுது பார்த்தபோது மாற்றிய தகரங்கள் அவை. அந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் மற்ற இருபத்தெட்டுக்கும் உண்மையான வயது வந்தது.

அடுத்து இடுக்குகளில் நிழல் தங்குவதற்காக, 100 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில துளி இந்திய மையைக் கலந்து கூரையில் ஓடவிடுவது வழக்கம். இதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் கொட்டகையில் பளபளப்பற்ற வார்னிஷ் அடித்துவிட்டு அதன்மேல் இந்தக் கலவையை ஓடவிட்டேன். காலையில் பார்த்தபோது கூரை முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. மூன்று வார உழைப்பு போய்விட்டதே என்று அன்று மிகவும் வருந்தினேன். மெல்லிதாக இன்னொரு முறை வார்னிஷ் அடித்ததும் வெண்மை மறைந்தது. அன்றிலிருந்து மைக் கலவையை முதலிலும் வார்னிஷை அதற்குப் பிறகும் வைத்துக்கொண்டேன். பாஸ்டல் என்னும் வண்ணக் குச்சியை உரசிய தூள் எல்லாவற்றுக்கும் கடைசி. தூளின் மேல் வார்னிஷ் அடித்தால் பாதி நிறம் காணாமல் போகும்.

வெள்ளையடித்த சுவருக்குத் தூய வெள்ளையைப் பயன்படுத்தாதீர்கள். சிறிதளவு மஞ்சளும் சாம்பலும் கலந்த வெள்ளையே அந்த அளவில் வெள்ளையாகத் தெரியும். இறவாரத்திலிருந்து சொட்டும் மழைநீர் தரையில் விழுந்து செம்மண்ணைச் சுவரில் ஒன்றரை அடி உயரம் வரை தெறிக்கும். 1:87இல் அது வெறும் 5 மி.மீ. இறவாரம் நீளும் இரு பக்கங்களிலும் இந்தக் கறை அடர்த்தியாகவும், முக்கோணச் சுவர்ப் பக்கங்களில் குறைவாகவும் இருக்க வேண்டும். வெயில் படாத பக்கத்தில், அதற்கு மேல் ஓதம் ஏறிய பச்சை கலந்த கருமை தேவை. சன்னல் திண்டின் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு கருங்கோடு கீழே இறங்கட்டும். மூட்டைகள் உரசிச் செல்லும் வாசல் ஓரத்தில், தோள் உயரம் வரை விரலாலேயே தூளைத் தேய்த்துவிடலாம்.

புகைக்கரிக்கும் ஒரு பக்கம் உண்டு. 1899இல் திறக்கப்பட்ட மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் எஞ்சின் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் நின்றுதான் பெட்டிகளை மேலே தள்ளுகிறது. ஆகவே வண்டி நிற்கும்போது எஞ்சின் நிற்கும் இடமும் மேட்டுப்பாளையம் பக்கமே. என் கொட்டகையின் அந்த முனையில் கூரை முகடும் இறவாரத்தின் அடிப்பக்கமும் கருத்திருக்கின்றன. மறுமுனை கிட்டத்தட்டச் சுத்தமாகவே இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்ட பாதையிலும் எஞ்சின் எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

முடிந்த கட்டடத்தைத் தரையின் மேல் அப்படியே வைத்துவிடாதீர்கள். அடித்தளத்தை 3 மி.மீ. கூடுதலாக வெட்டி, அந்த அளவுக்குத் தரையில் பள்ளம் தோண்டி இறக்கி, சலித்த செம்மண்ணால் ஓரத்தை மூடுங்கள். பிறகு கைபேசியைத் தண்டவாள மட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சுவருக்கும் தரைக்கும் இடையே ஒரு மயிரிழைக் கருங்கோடு தெரிந்தால், அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மண் தேவை.