அம்லோடிபின் போதவில்லை என்றால் ஏன் இன்னொரு மருந்து?

கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு, பிபி மாத்திரையான அம்லோடிபின் 5 மி.கி. போதவில்லை; அதை 10 ஆக்காமல் டெல்மிசார்டான் என்ற இன்னொரு பிபி மருந்தை ஏன் சேர்த்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் செய்தது சரிதான்.

அம்லோடிபின் ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. டெல்மிசார்டானோ, குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது. இரண்டு வழியிலும் அழுத்தம் இறங்குவதால், ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிடப் பொதுவாகப் பலன் அதிகம். அம்லோடிபினைக் கூட்டினால் கணுக்கால் வீங்கலாம். நாளெல்லாம் சரிவில் நிற்பவருக்கு அது பெரிய அவதி. டெல்மிசார்டான் சேர்ந்தால் அந்த வீக்கமும் குறையும். இரண்டும் ஒரே மாத்திரையாகக் கிடைக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், குளிரில் குழாய்கள் சுருங்கி பிபி ஏறும். உறைபனிக் காலத்தில் கட்டாயம் அளந்து பாருங்கள். டெல்மிசார்டான் எடுப்பதால் சிறுநீரகம், பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.