படகின் வீடு

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் இனே கிராமத்தைப் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்தேன். கடலுக்குள்ளேயே வீடு கட்டி வாழும் அந்த மீனவர்களின் துணிச்சல் என்னைத் தூங்கவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக எதையும் மாற்றாமல், இயற்கையோடு இயைந்து, நாம் இழந்துவிட்ட அமைதியோடு அவர்கள் வாழ்கிறார்கள். ஏப்ரலில் போகவிருக்கிறேன். எத்தனை நாள் தங்கினால் அந்த வாழ்க்கையை உணர முடியும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் இனேயில் மூன்று நாள் தங்கியிருந்தேன். அந்த நாட்களை நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அமைதி பற்றிய வரிகளை விட்டுவிடுகிறேன். ‘துணிச்சல்’ என்ற சொல்லை மட்டும் விட முடியவில்லை.

விரிகுடாவைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு நீர் விளிம்பிலேயே நிற்கும் அந்த 230 கட்டடங்கள் படகுகளுக்காகக் கட்டப்பட்டவை. ஃபுனயா என்ற சொல்லுக்கே படகு வீடு என்றுதான் பொருள். கீழ்த்தளம் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். மரப்படகு நீரிலேயே கிடந்தால் புழு துளைத்துவிடும் என்பதால் அந்தச் சரிவில் இழுத்தேற்றி உலர வைத்தார்கள். மேலே வலைகளைக் காயப்போட்டார்கள். குடும்பம் வாழ்ந்த வீடு தெருவுக்கு மறுபக்கம், மலையடிவாரத்தில் இருந்தது.

சரி, கடலோரத்தில் அப்படிக் கட்ட எப்படி முடிந்தது? ஜப்பான் கடல் குறுகிய, ஆழமற்ற நீரிணைகளால் மட்டுமே வெளிக்கடல்களோடு இணைந்திருப்பதால், அங்கே கடல்மட்டத்தின் ஏற்றவற்றம் மிகக் குறைவு. இனேயில் அது அரை மீட்டர் அளவுதான். அந்தக் கரையில் அபூர்வமாக இந்த விரிகுடா தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது; குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து அறையும் காற்றை மலைகள் தடுத்துக்கொள்கின்றன; வாயிலில் ஆவோஷிமா தீவு அலைகளை உடைக்கிறது. பசிபிக் கரையில் இதே கட்டடம் ஒரு புயலுக்குத் தாங்காது. கடலை எதிர்த்து நிற்கத் தேவையில்லாத ஓர் இடத்தை, காற்றையும் நீரையும் தலைமுறைகளாகக் கவனித்துத் தேர்ந்தெடுத்தவர்களின் அறிவைத் துணிச்சல் என்று எழுதுவது, தெரியாமல் செய்தாலும், அவர்களைச் சிறுமைப்படுத்துவதுதான். கரையோர மக்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் நாம் செய்யும் தவறு இது. அவர்களுக்கு வீரத்தைக் கொடுத்துவிட்டு அறிவைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

எதையும் மாற்றவில்லை என்பதும் தவறு. 1930களில் சாலை போடப்பட்டபோது அந்த ஊரின் அமைப்பே மாறியது. புரி மீன் கொழித்த காலத்தில்தான் பல ஃபுனயாக்கள் இரண்டு மாடிகளாக எழுந்தன. பிறகு கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. அவற்றை உலர்த்த வேண்டியதில்லை, வெளியிலேயே கட்டிவைக்கலாம். 2005இல் அரசு இந்த ஊரைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதியாக அறிவித்தபோது, பல படகு வீடுகளில் படகே இல்லை.

நான் தங்கிய வீட்டின் பெரியவர் தன் பழைய மரப்படகை உள்ளேயே வைத்திருந்தார். அது கடலில் இறங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அவர் ஃபுனயாவின் வாயிலில் குந்தி, மீன்கழிவு போட்டு முதல்நாள் இறக்கியிருந்த மொந்தோரி என்னும் கூண்டை மேலே இழுத்தார். உள்ளே இரண்டு சிறு மீன்கள் இருந்தன. சமையலறைக்குப் போகும் முன் படகின் விளிம்பை ஒரு துணியால் துடைத்தார். வேறு எவரையும் அவ்வளவு மென்மையாக அவர் தொட்டு நான் பார்க்கவில்லை.

பின்னர் எதிரே இருந்த ஆவோஷிமாவைக் காட்டி, அங்கே திமிங்கிலங்களின் கல்லறைகள் இருப்பதாகச் சொன்னார். முன்னோர் விரிகுடாவுக்குள் வந்த திமிங்கிலங்களை வாயிலில் வலை மறித்துக் கொன்றார்கள், தின்றார்கள், கல்லறையும் எழுப்பினார்கள். நீங்கள் எழுதிய ‘இயைந்து’ என்ற சொல்லை அந்தக் கல்லறைகளின் முன் நின்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

இரண்டு இரவுகள் தங்குங்கள். முடிந்தால் ஏப்ரலைத் தள்ளிவைத்து, புரி வரும் குளிர்காலத்தில் போங்கள். ஃபுனயாவின் கதவு திறந்திருந்தாலும் அழைக்காமல் உள்ளே நுழையாதீர்கள். அங்கே ஒரு படகு இருக்கக்கூடும்.